கைவிட்ட சுரங்கத்துக்குள்: வாசகர் கேள்வி பதில்

பழைய சுரங்கங்களையும் அவற்றுக்குள் துருப்பிடித்துக் கிடக்கும் இயந்திரங்களையும் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு, சுரங்கப் பொறியியல் தெரிந்தவர்களும் பழைய இயந்திரங்களை அறிந்தவர்களும் பதில் தருகிறார்கள்.

கே: கையில் மெழுகுவத்தி இருந்தால் போதும், அது அணைந்தால் திரும்பிவிடலாம் என்கிறார்களே, சரியா?

சரியில்லை. மெழுகுவத்திக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: ஆக்சிஜன் குறைந்துவிட்டது. அதையும் காலம் கடந்துதான் சொல்லும். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். சுடர் அணைவது 16 சதவீதத்தை ஒட்டி. அந்த அளவுக்கு இறங்குமுன்பே மூச்சு வாங்கத் தொடங்கியிருக்கும், புத்தி மந்தமாகியிருக்கும். திரும்பிப் போக வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டிய மூளையே தடுமாறிக்கொண்டிருக்கும். 10 சதவீதத்துக்குக் கீழே மயக்கம். 6 சதவீதத்தில் சில நிமிடங்கள்தான் உயிர் தாங்கும்.

மூடிக் கிடக்கும் சுரங்கத்தில் ஆக்சிஜன் எங்கே போகிறது? முட்டுக் கொடுத்த மரங்கள் மக்கும்போது அதைக் குடித்துவிடுகின்றன. பாறையிலுள்ள பைரைட் என்ற இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் துருப்பதும் அதே வேலையைச் செய்கிறது. மிஞ்சுவது நைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கீழ்நோக்கிச் சரியும் பாதைகளிலும் பள்ளங்களிலும் போய்த் தேங்கும். நின்றுகொண்டிருப்பவருக்கு ஒன்றும் ஆகாது, அவர் காலடியில் எதையோ எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்க மாட்டார்.

மற்ற வாயுக்கள் விஷயத்தில் மெழுகுவத்தி உதவாதது மட்டுமல்ல, எமனாகவும் ஆகும். நிலக்கரிச் சுரங்கத்து மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு சுடர் போதும், வெடித்துவிடும். பிரிட்டிஷ் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி 1815இல் சுடரைச் சுற்றிக் கம்பி வலை போட்டு விளக்கு செய்தது இதற்காகத்தான். கார்பன் மோனாக்சைடோ ஆளைக் கொல்லும் அளவில் இருக்கும்போதும் சுடர் அசையாமல் எரியும். அதைக் கண்டுபிடிக்கத்தான் கேனரிக் குருவிகளைக் கூண்டில் எடுத்துப் போனார்கள். பிரிட்டன் அவற்றுக்கு விடை கொடுக்க முடிவெடுத்ததே 1986இல்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நேற்று நன்றாக இருந்த சுரங்கம் இன்றும் நன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. புயலோ மழையோ வருமுன் காற்றழுத்தம் இறங்கும்போது, உள்ளே அடைந்து கிடந்த கெட்ட காற்று நடைபாதைக்கு வந்துவிடும். அழுத்தமானி இறங்கிக்கொண்டிருக்கும் நாளில் வாசலோடு நின்றுவிடுவதுதான் அனுபவசாலிகளின் வழக்கம்.

கே: நான்கு வாயு மீட்டர் ஒன்று வாங்கியிருக்கிறோம். அதை நம்பிப் போகலாமா?

நம்பலாம், ஆனால் அதற்கு என்ன தெரியாது என்பதைத் தெரிந்துகொண்டு. ஆக்சிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆகிய நான்கைத்தான் அது அளக்கிறது. கார்பன் டை ஆக்சைடைத் தனியாகக் காட்டாது. அதற்கு வேறு சென்சார் வேண்டும். எரியும் வாயுவை அளக்கும் சூடேறும் மணி வகைச் சென்சார் வேலை செய்யவே ஆக்சிஜன் தேவை. ஆக்சிஜன் மிகவும் குறைந்த இடத்தில் மீத்தேன் நிறைய இருந்தாலும் அது குறைவாகவே காட்டும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது ஆக்சிஜன் எண்ணை.

சுத்தமான வெளிக்காற்றில் மீட்டரைப் போட்டு 20.9 காட்டுகிறதா என்று பாருங்கள். உள்ளே போகும் ஒவ்வொரு நாளும் அளவு தெரிந்த சோதனை வாயுவைக் காட்டி, அலாரம் அடிக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். வழக்கமான ஆக்சிஜன் சென்சாரின் ஆயுள் இரண்டு வருடத்தை ஒட்டித்தான். பெட்டியிலேயே கிடந்தாலும் தேயும். அலாரம் ஆக்சிஜனுக்கு 19.5 சதவீதம், கார்பன் மோனாக்சைடுக்குப் பத்து லட்சத்தில் 35 பங்கு, ஹைட்ரஜன் சல்ஃபைடுக்குப் பத்து லட்சத்தில் 10 பங்கு என்று வைப்பது வழக்கம். மீட்டரை நெஞ்சில் மாட்டியபடி நடந்தால் காலடிக் காற்றை அது முகராது. பள்ளத்தில் இறங்குமுன் ஒரு கோலின் நுனியில் கட்டிக் கீழே நீட்டி, அரை நிமிடமாவது பொறுத்து எண்ணைப் பாருங்கள். சென்சார் உடனே பதில் சொல்லாது.

ஹைட்ரஜன் சல்ஃபைடு தேங்கிய நீரில் கரைந்து கிடக்கும், காலை வைத்துக் கலக்கியதும் மேலே வரும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் 100 பங்கை எட்டியதும் மூக்கே மரத்துப்போய் நாற்றம் நின்றுவிடும். நாற்றம் போய்விட்டது என்று நிம்மதி அடைபவர்தான் சாகிறார்.

கே: உள்ளே முட்டுக் கொடுத்த மரங்கள் பார்க்க உறுதியாக இருக்கின்றன. பாறை விழுமா?

மரம் வெளியே உறுதியாகவும் உள்ளே பஞ்சாகவும் இருக்கும். வெள்ளைப் பூஞ்சை நூலாகப் படர்ந்திருந்தால் அது மக்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காகத் தட்டிப் பார்க்காதீர்கள், சாயாதீர்கள், தொங்காதீர்கள். அந்த முட்டு இன்று பாரம் தாங்குகிறதா, சும்மா நிற்கிறதா என்பது வெளியிலிருந்து தெரியாது. நடுவில் வளைந்த முட்டும், மேல் உத்தரத்துக்குள் புதைந்த தலையும் பாரம் இறங்குவதற்கு அடையாளம்.

தொழில்முறையில் கூரையைக் கடப்பாரையால் தட்டிக் கேட்பார்கள். கணீரென்றால் பாறை ஒட்டியிருக்கிறது; பறை போலப் பொத்தென்று ஒலித்தால் அடுக்கு விட்டுப்போயிருக்கிறது. தட்டுபவர் பத்திரமான கூரையின் கீழ் நின்றுகொண்டு முன்னோக்கித் தட்ட வேண்டும். பழகாதவர் இதைச் செய்தால் கல் அவர் தலையில்தான் விழும். தரையைப் பாருங்கள்: தூசி படியாத, முனை மழுங்காத புதுக் கல் கிடந்தால் அது அண்மையில் விழுந்தது. மிக ஆபத்தான பகுதி வாசலிலிருந்து முதல் சில மீட்டர்கள்தான். மழையும் வேரும் வெயிலும் பாறையை அங்கேதான் உதிர்த்துவைத்திருக்கின்றன. உள்ளே போகும்போது தாண்டிய அந்த இடத்தைத் திரும்பும்போதும் தாண்டியாக வேண்டும்.

கே: தரையில் பலகை போட்டிருக்கிறார்கள். நடக்கலாமா?

கூடாது. பலகைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அடுத்த மட்டத்துக்கு இறங்கும் குழி. உலோகத் தாது வெட்டிய சுரங்கங்களில் தாதுப் படலத்தை வெட்டி எடுத்தபின், குறுக்கே கட்டைகளை அடித்து அதன்மேல் பலகையும் கல்லும் நிரப்பித் தரைபோல ஆக்கியிருப்பார்கள். மேலே மண் படிந்துவிட்டால் உண்மைத் தரைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. வழி நெடுகத் தண்டவாளம் ஓடி, ஓரிடத்தில் மட்டும் குறுக்குக் கட்டைகளுக்குக் கீழே வெற்றிடம் தெரிந்தால் அங்கேயே நில்லுங்கள்.

தண்ணீரும் அப்படித்தான். கணுக்கால் அளவுக் குட்டை மாதிரி தெரிவது நீர் நிரம்பிய குழியாக இருக்கலாம். தெளிந்த நீரில் விளக்கடித்துப் பார்த்தால் தெரியும், ஆனால் முன்னால் போனவர் கலக்கிவிட்டால் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு அடிக்கும் கோல் ஊன்றிப் பாருங்கள்.

கே: செங்குத்துக் குழியில் பழைய ஏணி இருக்கிறது. கயிறு கட்டிக்கொண்டு இறங்கலாமா?

வேண்டாம். ஏணிப்படியைப் பிடித்திருக்கும் ஆணி துருவாகிவிட்டது. குழியின் விளிம்பு உள்பக்கம் அரித்துப் புனல்போல ஆகியிருக்கும், நீங்கள் நிற்கும் மண்ணுக்கு அடியில் ஒன்றும் இருக்காது. மேலும், கெட்ட காற்று தேங்குவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. ஆழம் தெரிய வேண்டுமென்றால் எட்ட நின்று லேசர் அளவியால் அளங்கள். கல்லைப் போடாதீர்கள், கீழ் மட்டத்தில் வேறு வாசல் வழியாக வந்தவர்கள் நிற்கக்கூடும்.

கே: சுவரைக் குடைந்த சிறு அறையில் மரப்பெட்டி, மெழுகுத்தாள் சுற்றிய குச்சிகள், சிறிய செம்புக் குழாய்கள் பார்த்தோம். அவை என்ன?

தோட்டாவும், அதாவது டைனமைட் குச்சியும், அதை வெடிக்கவைக்கும் கேப்பும். தொடவில்லை என்று நம்புகிறோம்.

டைனமைட் ஆல்ஃபிரட் நோபல் 1867இல் காப்புரிமை பெற்ற பொருள். நைட்ரோகிளிசரினைத் துளையுள்ள களிமண் போன்ற பொருளில் ஊறவைத்ததால்தான் அது கையாளத் தக்கதாயிற்று. பல வருடம் கிடக்கும்போது அந்த நைட்ரோகிளிசரின் மெல்லக் கசிந்து, தாளில் எண்ணெய்க் கறையாகவும், பெட்டியின் அடியில் ஈரமாகவும், சில வேளை படிகமாகவும் வெளியே வரும். அப்போது அது மறுபடியும் பழைய நைட்ரோகிளிசரின்தான். பெட்டியை நகர்த்தும் உராய்வே போதும். மேலே தெரியும் வெள்ளைப் படிகம் வெறும் உப்பாகவும் இருக்கலாம். எது என்று கண்ணால் பிரிக்க முடியாது, பிரிக்கப் பார்க்கவும் கூடாது. பெட்டி காலியாகத் தெரிந்தாலும் பலகை ஊறியிருக்கும்.

குச்சியைவிடக் கேப்பு மோசம். பென்சில் தடிமன், விரல் நீளம்கூட இல்லாத செம்பு அல்லது அலுமினியக் குழாய். ஒரு முனை மூடி, மறுமுனையில் திரி செருகும் வாய் அல்லது இரண்டு வண்ணக் கம்பிகள். உள்ளே பழைய கேப்பானால் பாதரச ஃபல்மினேட், பிற்காலத்ததானால் ஈய அசைடு. கையில் வெடித்தால் விரல்கள் போகும். பழைய குழாய்த் துண்டு என்று பிள்ளைகள் பையில் போட்டுக்கொள்வது இதைத்தான். கம்பி உள்ள கேப்பு மின்சாரத்தால் வெடிப்பது. அருகில் கைபேசியும் வயர்லெஸ்ஸும் வேண்டாம்.

செய்ய வேண்டியது: வந்த வழியே, காலடி வைத்த இடத்திலேயே மீண்டும் வைத்துத் திரும்புங்கள். போகுமுன் தூரத்திலிருந்து எடுத்த படம் இருந்தால் போதும், நெருங்கி எடுக்க வேண்டாம். வாசலிலிருந்து எத்தனை மீட்டர், எந்தப் பக்கம், என்ன பார்த்தீர்கள் என்று வெளியே வந்து குறித்து, காவல் துறைக்கும் நிலத்துக்குப் பொறுப்பானவருக்கும் சொல்லுங்கள்.

ஒரு துணைத் தகவல். வெடிமருந்து பெட்டியில் மட்டும் இருக்காது. சுரங்கத்தின் கடைசிச் சுவரில், மருந்து வைக்கப் போட்ட துளைகளின் அடிப்பகுதி கைநீளத்துக்கும் குறைவாக மிஞ்சியிருக்கும். வெடிக்காத மருந்து அவற்றின் அடியில் தங்கியிருக்கலாம். அதற்குள் குச்சி விட்டுக் குடையாதீர்கள்.

கே: உள்ளே கிடக்கும் கருவிகளை வைத்துச் சுரங்கத்தின் வயதைச் சொல்ல முடியுமா?

ஓரளவு துல்லியமாகவே முடியும். இந்தத் துறையின் சுவாரசியமே இதுதான்.

சுவரிலுள்ள துளைகளிலிருந்து தொடங்குங்கள். சுத்தியலும் உளிக்கம்பியுமாகக் கையால் அடித்த துளை சிறியதாக, முழு வட்டமாக இல்லாமல் சற்றே முக்கோணம் தட்டியிருக்கும். இயந்திரத் துளை பெரிது, வட்டம் சீரானது. அடுத்துத் துளைக்கம்பியைப் பாருங்கள். நடுவில் ஓட்டை இல்லாத கம்பி, நுனி உளிபோல இருந்தால் கைவேலை. நுனி சிலுவை வடிவில் இருந்தால் இயந்திரம். கம்பியின் நடுவே ஓட்டை ஓடினால், அது 1897ஐ ஒட்டி அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் லெய்னர் கொண்டுவந்த முறைக்குப் பிந்தியது. அதற்கு முந்திய இயந்திரங்களில் கம்பி பிஸ்டனோடு சேர்ந்தே முன்னும் பின்னும் போய்வந்தது. லெய்னர் கம்பியைப் பிரித்து, பிஸ்டன் சுத்தியலாக அடிக்கும்படி செய்தார். ஓட்டை வழியே முதலில் வெறும் காற்றை விட்டதில் பாறைத்தூள் தொழிலாளியின் முகத்துக்கு வந்தது. நுரையீரல் கல்லாகிச் செத்தவர்கள் ஏராளம். அந்த இயந்திரத்துக்கு விதவையாக்கி என்று பட்டப்பெயரே விழுந்தது. பிறகுதான் தண்ணீர் விட்டார்கள். ஆகவே சுவரோரம் தடித்த குழாய் ஒன்றும் மெல்லிய குழாய் ஒன்றும் சேர்ந்து ஓடினால், தடித்ததில் அழுத்தக் காற்று, மெல்லியதில் தண்ணீர்: ஈரத் துளையிடல் வந்ததற்குப் பிந்திய காலம். நுனியில் டங்ஸ்டன் கார்பைடு பதித்த கம்பி கிடந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் அங்கே வேலை நடந்திருக்கிறது.

தண்டவாள இடைவெளியை அளங்கள். 457 அல்லது 610 மில்லிமீட்டர் அடிக்கடி வரும். தண்டவாளத்தின் இடுப்பில் சுண்ணாம்பைத் தேய்த்துப் பக்கவாட்டில் விளக்கடித்தால், உருட்டாலையின் பெயரும் சில வேளை வருடமும் எழுந்து நிற்கும். அது தண்டவாளம் செய்த வருடம். போட்ட வருடம் அல்ல. வேறு ரயில் பாதையிலிருந்து கழற்றிய பழைய சரக்கையே சுரங்கங்கள் வாங்கும்.

கார்பைடு விளக்கு கிடைத்தால் அது 1900க்குப் பிந்தியது. மேல் அறையில் தண்ணீர், கீழ் அறையில் கால்சியம் கார்பைடு. மேலேயுள்ள நெம்பைத் திருப்பினால் தண்ணீர் சொட்டும், அசெட்டிலீன் பிறந்து, கம்பளித் துணி வடிகட்டி வழியாகப் பீங்கான் முனைக்கு வந்து, குழிக் கண்ணாடித் தகட்டின் நடுவில் எரியும். காலி விளக்குக்குள் சாம்பல் நிறச் சுண்ணாம்புக் கட்டி இறுகியிருக்கும். எரியாத கார்பைடு துண்டு அதன் நடுவே மிஞ்சியிருக்கலாம். ஈரம் பட்டால் இன்னும் வாயு விடும். ரப்பர் வளையம் உலர்ந்து விரிசல் விட்ட விளக்கைப் பற்றவைத்தால் நெருப்பு முனையில் வராது, இடுப்பு மரையில் வரும். மூடிய கார்பைடு டப்பாவைத் திறக்கவே வேண்டாம்: காற்றில் 2.5 சதவீதம் அசெட்டிலீன் இருந்தாலே வெடிக்கும்.

கே: இயந்திரங்களை இயக்கிப் பார்க்கலாமா? ஒரு தள்ளுவண்டி சக்கரம் இன்னும் சுழல்கிறது.

சுழலும், அதுதான் சிக்கல். பாதைகளை வாசல் நோக்கி 200க்கு 1 என்ற அளவில் சாய்த்தே வெட்டியிருப்பார்கள், தண்ணீர் வடியவும், நிரம்பிய வண்டி எளிதில் வெளியே வரவும். சக்கரத்துக்கு அடியில் வைத்த கட்டையை எடுத்தால் அரை டன் வண்டி உங்களைத் தள்ளிக்கொண்டு இறங்கும்.

கூரையிலிருந்து சாய்ந்து இறங்கும் மரத் தொட்டியும் அதன் வாயில் கதவும் பார்த்தால் அதற்கு நேர்கீழே நிற்காதீர்கள். மேலே தாது பல டன் நெருக்கித் தொங்கிக்கொண்டிருக்கலாம். கதவுப் பலகை ஒன்றுதான் அதைப் பிடித்திருக்கும். வின்சின் பிரேக், காற்றுத் தொட்டியின் வால்வு, சிலிண்டர் திருகு ஆகிய மூன்றையும் தொடாதீர்கள். குழியில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு தொங்கினால், கம்பி வடம் வெளியே கிரீஸ் பளபளப்போடு இருக்கலாம். அது துருப்பது உள் இழையிலிருந்து.

கே: டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய், வெள்ளிபோன்ற துளிகள், வாயகன்ற தொட்டிகள்... விஷமா?

மூன்றும் இருக்கலாம். 1970களின் இறுதிவரை செய்த டிரான்ஸ்ஃபார்மர், மின்தேக்கிகளில் பிசிபி என்ற நச்சு எண்ணெய் இருந்தால் அது தோல் வழியே ஏறும், உடம்பை விட்டுப் போகாது. வெள்ளித் துளி பாதரசம். தங்கம் பிரிக்கப் பயன்பட்டது, அதன் ஆவியை மூக்கு உணராது. பெரிய தொட்டிகள் 1887இல் வந்த சயனைடு முறைக்கானவை. அங்கே கிடக்கும் உப்புக் கட்டியின்மேல் சுரங்கத்து அமிலநீர் பட்டால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். பிரேக் பட்டையிலும் நீராவிக் குழாய் உறையிலும் ஆஸ்பெஸ்டாஸ். செம்மஞ்சள் சேறு இரும்பு கரைந்த அமிலநீரின் படிவு. அதன் பின்னால் மண் சரிந்து அடைத்த இடம் இருந்தால் அங்கே நீர் தேங்கி நிற்கிறது. அந்த அடைப்பைக் கிளறினால் என்ன ஆகும் என்பதற்கு 2015 ஆகஸ்டில் கொலராடோவின் கோல்டு கிங் சுரங்கம் சாட்சி: சுமார் 30 லட்சம் காலன் நீர் ஆற்றில் பாய்ந்தது, அதுவும் அதை ஆய்வு செய்யப் போனவர்கள் கையால்.

கே: ஒரு விளக்கையாவது எடுத்து வந்து பத்திரப்படுத்தக் கூடாதா?

உரிமையாளர் அனுமதி இல்லாமல் எடுத்தால் திருட்டு. அனுமதி இருந்தாலும் யோசியுங்கள். உள்ளே புதிதுபோல இருந்த இரும்பு, வெளியே வந்த சில வாரங்களில் செதில் செதிலாக உதிரும். காரணம், அது உறிஞ்சியிருக்கும் சல்ஃபேட், குளோரைடு உப்புகளும், வெளியேயுள்ள தாராளமான ஆக்சிஜனும். ஊறிய மரமும் தோலும் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். சுரங்கத்து நீர் எதையெல்லாம் காக்கும் என்பதற்கு ஸ்வீடனின் ஃபாலுன் செம்புச் சுரங்கத்தில் நடந்ததைச் சொல்லலாம். 1677இல் காணாமல் போன தொழிலாளியின் உடல் 1719இல் கிடைத்தது. மயில்துத்தம் கலந்த நீரில் கெடாமல் இருந்தது. அவரை மணக்க இருந்த பெண், முதுமையில், வந்து அடையாளம் சொன்னார்.

எடுத்தே தீர வேண்டுமென்றால், ஈரமாகவே பிளாஸ்டிக்கில் சுற்றி அருங்காட்சியகப் பதப்படுத்துநரிடம் கொடுங்கள். அவர் இரும்பை 2 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்து, உப்பு வருவது நிற்கும்வரை கரைசலை மாற்றி மாற்றி, மாதக்கணக்கில் செய்வார். வீட்டில் கம்பித் தூரிகையால் தேய்த்தால் எண்ணும் பெயரும் முதலில் போகும்.

கே: வரைபடம் எடுக்கும்போது திசைகாட்டி தடுமாறுகிறது, என்ன செய்வது?

தண்டவாளமும் குழாயும் இழுக்கின்றன. ஒரே கோட்டை இரு முனையிலிருந்தும் பாருங்கள். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசம் 180 பாகையிலிருந்து 2 பாகைக்கு மேல் விலகினால் அருகில் இரும்பு. அங்கே திசைகாட்டியை மூடிவிட்டு டேப்பை எடுங்கள். பாதை திரும்பும் மூலையில் ஒரு ஆணி அடையாளம். இரு கிளையிலும் 2 மீட்டர் அளந்து புள்ளி வையுங்கள். அந்த இரண்டு புள்ளிக்கும் இடைப்பட்ட தூரத்தை நாலால் வகுத்தால் பாதிக் கோணத்தின் சைன். தூரம் 2.83 மீட்டரானால் 90 பாகை, 3.46 ஆனால் 120. புகைப்படம் எடுக்க முக்காலி, எஃப்/8, ஐஎஸ்ஓ 400, 30 விநாடி. விளக்கைக் கேமராவிடமிருந்து விலக்கிப் பக்கவாட்டில் வீசுங்கள். எடுக்கும்போது மூச்சை அடக்காவிட்டால் உங்கள் மூச்சின் ஆவிதான் படத்தில் வெள்ளைத் திட்டாக விழும்.

கே: வௌவால்கள்?

தொந்தரவு செய்யாமல் திரும்புங்கள், குறிப்பாகக் குளிர்காலத்தில். 2006 முதல் வட அமெரிக்காவில் பரவிய வெண்மூக்கு நோய்ப் பூஞ்சை காலணியிலும் துணியிலும் ஒட்டிப் போகும். துணியை 55 பாகை சூட்டு நீரில் 20 நிமிடம் வைத்த பிறகே அடுத்த சுரங்கத்துக்கு அணியுங்கள்.

கே: கூட வந்தவர் திடீரென்று விழுந்துவிட்டால்?

ஓடிப்போய்த் தூக்காதீர்கள். காயம் ஏதுமின்றி ஒருவர் சரிந்தால் அங்கே காற்று கெட்டிருக்கிறது என்று பொருள். ஒருவரைத் தூக்கப்போய் இரண்டாமவரும் மூன்றாமவரும் செத்த கதை எல்லாச் சுரங்க நாடுகளிலும் உண்டு. மீட்டர் சரியாகக் காட்டும் இடம்வரை பின்வாங்குங்கள். ஒருவர் வெளியே போய் மீட்புக் குழுவை அழைக்கட்டும். சுவாசக் கருவி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. முகத்தில் கட்டிய துணியோ தூசி வடிகட்டியோ ஆக்சிஜனைத் தராது. இதனால்தான் குறைந்தது நான்கு பேர், ஒவ்வொருவருக்கும் மூன்று விளக்கு என்கிறோம். எந்த வாசல், எத்தனை மணிக்குத் திரும்புவோம், எத்தனை மணி தாண்டினால் யாரை அழைக்க வேண்டும் என்ற தாள் வெளியே இருப்பவர் கையில் இருக்க வேண்டும். உள்ளே கைபேசி எடுக்காது.

கே: இவ்வளவு ஆபத்தா? பத்திரமாகப் பார்க்க இடமே இல்லையா?

இருக்கிறது. போலந்தின் வெலிச்கா உப்புச் சுரங்கம், ஜெர்மனியின் ராமெல்ஸ்பெர்க், மேலே சொன்ன ஃபாலுன் மூன்றும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை. பழைய இயந்திரங்களை அவை நின்ற இடத்திலேயே பார்க்கலாம். வேல்ஸின் பிக் பிட் நிலக்கரிச் சுரங்கத்தில் கூண்டில் 90 மீட்டர் இறக்குவார்கள். இறங்குமுன் கைக்கடிகாரம், கைபேசி, பேட்டரி உள்ள எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். மீத்தேனுக்கு ஒரு பொறி போதும் என்பதால் போட்ட விதி அது. உங்கள் சாதாரண நெற்றி விளக்கோடு கைவிட்ட நிலக்கரிச் சுரங்கம் எதற்குள்ளும் போகக் கூடாது என்பதற்கும் அதே காரணம்தான்.